நீரின் மூச்சுக் கணக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தியாகிவிடுகிறது. முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பவை சென்னைவாசிகள் பலருக்கும் மனப்பாடம். 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதையும், 2019 கோடையில் அதே ஏரி ஏறத்தாழ வறண்டு கிடந்ததையும் யாரும் மறந்துவிடவில்லை. ஆனால், அந்த நீருக்குள் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்ற எண் மட்டும் ஒருபோதும் செய்தியாவதில்லை. ஏரியில் மீன் வாழ்வதும், ஏரியின் உபரிநீர் சென்றுசேரும் அடையாறு ஆறாக நீடிப்பதும் சாக்கடையாகச் சீரழிவதும் அந்த எண்ணைப் பொருத்தே அமைகின்றன.

நீர் எவ்வளவு காற்றை ஏற்கும், எந்த எல்லையில் நிறுத்திக்கொள்ளும் என்பதை அளந்து சொன்னவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி. ஹென்றி விதி என்ற பெயரில் அவரை வேதியியல் மாணவர்கள் அனைவரும் அறிவார்கள். விதியை அறிந்த அளவுக்கு மனிதரை நாம் அறியவில்லை. வணிகமும் அறிவியலும் மக்கள் நலனும் ஒரே வாழ்க்கையில் இணைந்திருந்த அவருடைய வரலாறு, பொருளாதாரம் கற்பித்த எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே பூந்தமல்லியில் வசிக்கும் எனக்கு, அது இன்றைய பாடமாகவும் தோன்றுகிறது.

ஹென்றி 1774 டிசம்பர் 12 அன்று மான்செஸ்டரில் பிறந்தார். பருத்தி ஆலைகளின் தலைநகராக அவ்வூர் உருவெடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. தந்தை தாமஸ் ஹென்றி மருந்து தயாரித்து விற்பவர். வயிற்றுக் கோளாறுக்கான மக்னீசியாவைத் தூய முறையில் தயாரித்துப் பெயரும் பொருளும் ஈட்டியவர். பிரெஞ்சு அறிஞர் லவாய்சியேவின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. நீண்ட கடற்பயணத்தில் குடிநீர் கெடாதிருக்கச் சுண்ணாம்பு சேர்த்து வைக்கலாம், குடிக்கும் முன்பு கரியமில வாயுவைச் செலுத்தி அந்தச் சுண்ணாம்பை நீக்கிவிடலாம் என்று 1781-இல் ஒரு வழியை அவர் வெளியிட்டார். நீருக்குள் வாயுவைச் செலுத்துவது அந்த வீட்டில் அன்றாடப் பேச்சாக இருந்தது.

சிறுவன் வில்லியமுக்குப் பத்து வயதிருக்கும்போது ஓர் உத்தரம் சரிந்து விழுந்து உடலின் ஒரு பக்கத்தில் பலத்த காயம் ஏற்பட்டது. அதன் வலி வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. ஓடி விளையாட முடியாத சிறுவன் புத்தகங்களிடம் அடைக்கலம் புகுந்தான். பள்ளிப்படிப்பு முடிந்ததும், மான்செஸ்டரின் புகழ்பெற்ற மருத்துவர் தாமஸ் பெர்சிவலிடம் ஐந்து ஆண்டுகள் செயலராகப் பணிபுரிந்தார். ஆலைத் தொழிலாளர்களிடையே பரவிய காய்ச்சலை ஆராய்ந்து, ஆலைச் சிறார்களின் உடல்நலத்துக்காகக் குரல் கொடுத்தவர் பெர்சிவல். மருத்துவ அறநெறி குறித்து நூல் எழுதியவரும்கூட. நோய் என்பது தனிமனிதரின் விதி அன்று, அவர் வாழும் சூழலின் விளைவு என்ற பார்வை ஹென்றிக்கு இளமையிலேயே வாய்த்ததில் பெர்சிவலுக்குப் பங்குண்டு.

1795-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். கரியமில வாயுவைத் தனி வாயுவென்று கண்டறிந்த ஜோசப் பிளாக் அங்கே ஆசிரியர். ஆனால், ஓராண்டிலேயே தந்தையின் தொழிலுக்குத் துணைநிற்க ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. விட்ட படிப்பை 1805-இல் மீண்டும் தொடங்கி, 1807-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுகள்தாம் அவரை வரலாற்றில் நிலைநிறுத்தின.

மருந்துத் தொழிலோடு ஹென்றி குடும்பம் செயற்கைத் தாதுநீரும் தயாரித்தது. நாம் சோடா என்று அழைக்கும் பானத்தின் முன்னோடி அது. ஜோசப் பிரீஸ்ட்லி 1772-இல் அதன் செய்முறையை வெளியிட்ட பிறகு, அதைத் தொழிலாக நடத்தத் தொடங்கிய முதல் சிலருள் தாமஸ் ஹென்றியும் ஒருவர். அந்தத் தொழிலில் லாபநட்டத்தைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றே. ஒரு குப்பி நீருக்குள் எவ்வளவு வாயுவை அடைக்க முடியும்? அழுத்தத்தை இரட்டித்தால் வாயுவும் இரட்டிக்குமா? தொழிற்கூடங்கள் அனுபவத்தால் ஊகித்துவந்ததை இளைஞர் ஹென்றி அளந்து பார்த்தார்.

பாதரசம் நிரம்பிய குழாய்களும் அளவுக்கோடு இட்ட கண்ணாடிக் கலங்களுமே அவருடைய கருவிகள். கொதிக்கவைத்துக் காற்று நீக்கிய நீரைக் கலத்தில் எடுத்துக்கொண்டு, அளந்த வாயுவை அதனுடன் சேர்த்துக் குலுக்கி, எவ்வளவு மறைந்தது என்று கணக்கிட்டார். வெப்பநிலையை மாற்றினார், பாதரசத்தின் எடையால் அழுத்தத்தைக் கூட்டினார், ஒவ்வொரு வாயுவாகச் சோதித்தார். முடிவுகளை 1802 டிசம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். கட்டுரை 1803-இல் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது 28.

அவர் கண்டது மிக எளியது. வெப்பநிலை மாறாதிருந்தால், நீரில் கரையும் வாயுவின் அளவு அந்த வாயு நீரின்மேல் செலுத்தும் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்தம் இரு மடங்கானால் கரைவதும் இரு மடங்கு, மும்மடங்கானால் மும்மடங்கு. நீர் சூடேறினால் கரைவது குறையும். நம் ஊர்க் கோலி சோடாவே இதற்குச் சான்று. மிகை அழுத்தத்தில் கரியமில வாயு கரைந்திருக்கும்வரை சோடா அமைதியாக இருக்கிறது. கோலியை உள்ளே தள்ளிய கணத்தில் அழுத்தம் விலகுகிறது. கரைந்திருந்த வாயு தனக்கு இனி இடமில்லை என்று குமிழ்களாகச் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. வெயிலில் கிடந்த சோடா பொங்கி வழிவதும், பனிக்கட்டியில் வைத்தது அடக்கமாக இருப்பதும் விதியின் வெப்பநிலைப் பகுதி.

இந்த அளவீட்டின் முழுப் பொருளையும் விளங்கிக்கொள்ள உதவியவர் மான்செஸ்டரிலேயே வாழ்ந்த அவருடைய நண்பர் ஜான் டால்டன். கலவையாக உள்ள வாயுக்களில் ஒவ்வொன்றும் மற்றவை இல்லாததுபோலத் தனித்தே அழுத்தம் செலுத்துகிறது என்பது டால்டனின் கருத்து. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஆக்சிஜன் என்பதால், ஒரு குளத்து நீரின்மேல் ஆக்சிஜனின் அழுத்தமும் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கே. எனவே நீருக்குள் நுழையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குத்தான். வாயுக்கள் நீரில் வெவ்வேறு அளவில் கரைவது ஏன் என்று சிந்தித்த டால்டன், அதே தேடலின்போது அணுக்களின் ஒப்பு எடைகளைப் பட்டியலிட்டார். நவீன அணுக்கொள்கையின் பிறப்பில் நீரில் கரையும் வாயுவுக்கும் ஓர் இடமுண்டு.

புகழ் தேடிவந்தது. 1808-இல் ராயல் சொசைட்டியின் உயரிய காப்ளி பதக்கமும், அடுத்த ஆண்டு அதன் உறுப்பினர் தகுதியும் கிடைத்தன. அவர் எழுதிய வேதியியல் பாடநூல் 1829-க்குள் பதினொரு பதிப்புகள் கண்டது. ஆலைகளுக்கும் தெருக்களுக்கும் ஒளியூட்டிய நிலக்கரி வாயுவைப் பகுப்பாய்வு செய்து, அந்தப் புதிய தொழிலுக்கு உறுதியான அடிப்படை அமைத்தார். சோடா தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர், சோடாவின் ரகசியத்தைத் தொழில் ரகசியமாகப் பூட்டிவைக்காமல் உலகுக்கே பொதுவாக்கினார் என்பதை நான் தனியாகக் குறித்துக்கொள்கிறேன்.

வயது ஏற ஏறப் பழைய காயத்தின் வலி கடுமையானது. கைகளும் ஒத்துழைக்க மறுத்ததால் நுட்பமான சோதனைகளை அவரால் தொடர முடியவில்லை. ஆனாலும், 1831-இல் மற்றொரு கேள்வி அவரை ஆய்வுக்கு இழுத்துவந்தது. தொற்றுநோய் பரவிய நாடுகளிலிருந்து வரும் பருத்திப் பொதிகளோடு நோயும் வந்துசேருமோ என்ற அச்சம் நிலவியது. வங்கத்திலிருந்து புறப்பட்ட காலரா ஐரோப்பாவைக் கடந்து இங்கிலாந்தின் கரையை எட்டியதும் அந்த ஆண்டில்தான். பொதிகளைத் துறைமுகத்தில் பல நாள் நிறுத்திவைத்தால் ஆலைகள் முடங்கும். அப்படியே அனுமதித்தால் மக்கள் மடிவார்கள் என்ற இக்கட்டு.

ஹென்றி இந்த இருமுனைச் சிக்கலுக்கு இடையே ஒரு வழி தேடினார். நூலும் துணியும் பாழாகாத, ஆனால் நோயின் வீரியம் அழியக்கூடிய வெப்பநிலை ஒன்று இருக்குமா என்று ஆராய்ந்தார். அம்மைத் தடுப்புப்பாலைச் சூடேற்றினால் அது செயலிழப்பதைக் கண்டார். நோயாளிகளின் உடைகளைச் சூடாக்கித் தூய்மைப்படுத்தும் கலம் ஒன்றையும் அமைத்தார். நுண்ணுயிரிக் கொள்கை நிலைபெறுவதற்கு ஒரு தலைமுறை முன்பு நடந்தது இது. வணிகமா, உயிரா என்ற கேள்விக்கு ஒன்றைப் பலியிட்டு மற்றதைக் காக்கும் விடையை அவர் ஏற்கவில்லை. இரண்டும் எந்த எல்லைக்குள் இணைந்து வாழும் என்று அளந்தார்.

தீராத வலியும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் இறுதியில் அவரை வென்றன. 1836 செப்டம்பர் 2 அன்று, 61-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உடல் வேதனையைச் சுமந்துகொண்டே இவ்வளவையும் செய்தவர் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஹென்றியின் ஊரே அவருடைய விதியை மீறிப் பார்த்தது. சாயப்பட்டறைக் கழிவும் வீட்டுக் கழிவும் சேர்ந்து மான்செஸ்டரின் இர்வெல் ஆற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரிய சாக்கடையாக்கின. பரிகாரமும் அதே ஊரில் பிறந்தது. கழிவுநீருக்குள் இடைவிடாது காற்றைச் செலுத்தி, பயனுள்ள நுண்ணுயிரிகளைக் கசடாகப் பெருக்கி, கழிவை அவற்றுக்கே உணவாக்கும் முறையை ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-இல் மான்செஸ்டரில் வெளியிட்டனர். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். இன்று சென்னையின் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் சார்ந்திருப்பது அந்த மான்செஸ்டர் முறையையே. காற்றை ஊதுவதால் ஹென்றி விதித்த உச்சவரம்பு உயர்ந்துவிடுவதில்லை. செலவான ஆக்சிஜன் விரைவாக ஈடுசெய்யப்படுகிறது, அவ்வளவே.

அந்த உச்சவரம்புதான் என்ன? கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏற்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 10 மில்லிகிராம். நம் ஊருக்குப் பொருந்தும் 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம். நாம் சுவாசிக்கும் காற்றில் லிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. நமக்குக் கிடைப்பதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கைக் கொண்டுதான் மீன் குடும்பம் நடத்துகிறது.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு மொத்த வருமானத்தைவிடச் செலவிடத்தக்க வருமானமே முக்கியம். குளிப்பதற்குத் தகுதியான ஆற்றுநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமேனும் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அதைத் தொடக்கூடாத வைப்புநிதி என்று கொள்வோம். குளிர்ந்த ஆற்றில் 10-இல் 5 போக மீதம் 5. நம் ஆற்றில் 7.5-இல் 5 போக மீதம் 2.5 மட்டுமே. மொத்தத்தில் கால்பங்குதான் குறைவு. கையில் எஞ்சுவதிலோ பாதி குறைந்துவிடுகிறது. போதாததற்கு, வெப்பத்தில் நுண்ணுயிரிகளின் பசியும் அதிகம். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலை நம் ஆறுகளுடையது. வெப்பம் மேலும் ஒரு டிகிரி உயர்ந்தால் அந்த 2.5-லும் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு கரைந்துபோகும்.

இனிச் செலவுப் பக்கம். வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் பொதுவாக 200 முதல் 300 மில்லிகிராம். 250 என்று வைத்துக்கொண்டால், அதை ஆறு தாங்குவதற்கு 100 லிட்டர் தூய நீர் வேண்டும். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது அரசின் வரையறை. அதில் எண்பது விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராக வெளியேறுகிறது. அப்படியானால், ஒரே ஒருவரின் ஒரு நாள் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டால், அதைச் சமன்செய்யப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் நல்ல நீர் ஓட வேண்டும். வழியில் காற்றிலிருந்து ஆறு மீட்டுக்கொள்ளும் ஆக்சிஜனைச் சேர்க்காத தோராயக் கணக்கு இது. ஆனால், மெதுவாக ஊர்ந்து செல்லும் ஆழமான நீரில் அந்த மீட்பும் மெதுவாகவே நடக்கும். ஆகாயத்தாமரை மூடிய பரப்பில் அதுவும் தடைபடும்.

செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் பாய்வது ஆண்டில் சில வாரங்கள். ஏனைய நாள்களில் சென்னையின் ஆறுகளில் பெரும்பாலும் ஓடுவது நாம் விடும் கழிவுநீரே. ஏரிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஓடும் கூவத்தைப் பாருங்கள். ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான பகுதியில் இந்த ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்தது. குளிக்கத் தகுதியான நீரில் இது 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வீட்டுக் கழிவுநீரின் அளவையே விஞ்சிவிட்ட நீரை ஆறு என்று அழைப்பது பழைய பெயருக்குக் காட்டும் மரியாதை மட்டுமே.

சமநிலை என்ற சொல்லை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பயன்படுத்தியவன் நான். சந்தையின் சமநிலையை வரியால் நகர்த்தலாம், மானியத்தால் மாற்றலாம், தேர்தல் வாக்குறுதியாலும் சற்றே அசைக்கலாம். நீருக்கும் காற்றுக்கும் இடையிலான சமநிலை அப்படிப்பட்டதன்று. நீருக்குள் நுழையும் ஆக்சிஜனும் வெளியேறும் ஆக்சிஜனும் சமமாகும் புள்ளியை அழுத்தமும் வெப்பநிலையும் முடிவுசெய்கின்றன. அதற்கு மேல் ஒரு மில்லிகிராமைக் கடனாகத் தரும் வங்கி இயற்கையில் கிடையாது.

இதன் விளைவு கொள்கை வகுப்போர் கவனிக்கத்தக்கது. கரைகளை அழகுபடுத்துவதும், பூங்காவும் நடைபாதையும் அமைப்பதும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், அவற்றால் ஆற்றின் ஆக்சிஜன் கணக்கில் வரவு கூடாது. கழிவுநீர் ஆற்றை அடையும் முன்பே அதைத் தடுத்துச் சுத்திகரிக்கும் செலவு ஒன்றே அந்தக் கணக்கைச் சரிசெய்யும். சுத்திகரித்த நீரிலும் லிட்டருக்கு 30 மில்லிகிராம் தேவை எஞ்சலாம் என்று பொது வரையறை அனுமதித்தது. அதற்கே 12 மடங்கு நல்ல நீர் வேண்டும் என்பதால், கோடையில் வறண்டுபோகும் நம் ஆறுகளுக்கு அந்தத் தளர்வு பொருந்தாது. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை, பாலாற்றுப் படுகைத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இலேயே நிலைநாட்டிவிட்டது. அந்த நெறி தொழிற்சாலைகளுக்கு மட்டுமல்லாமல், தெரிந்தே மழைநீர் வடிகாலில் கழிவுநீர்க் குழாயை இணைக்கும் குடியிருப்புகளுக்கும் பொருந்த வேண்டும்.

இன்னொன்றும் எளிதில் செய்யலாம். நாள்தோறும் ஏரிகளின் நீர்மட்டம் வெளியிடப்படுவதைப்போல, ஏரிகளிலும் அடையாற்றிலும் கூவத்திலும் கரைந்துள்ள ஆக்சிஜனின் அளவும் வெளியிடப்பட வேண்டும். அந்த அளவு விடியலுக்குச் சற்று முன்பு எடுக்கப்பட்டதாக இருத்தல் நலம். பகலில் பாசி வெளியிடும் ஆக்சிஜனால் கணக்கு சற்று செழிப்பாகத் தோன்றும். இரவெல்லாம் எல்லா உயிர்களும் சுவாசித்த பிறகு எஞ்சுவதே உண்மையான இருப்பு.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. 2007 முதல் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறனுடைய நிலையம் ஏரியின் நீரை நம்பி இயங்குகிறது. அதைச் சுற்றித் தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் பெருகிவரும் இவ்வேளையில், அவற்றின் கழிவுநீர் ஏரியைத் தொடாமல் காப்பது, கெட்ட பிறகு மீட்பதைவிடப் பன்மடங்கு மலிவானது. வணிகத்தையும் உயிரையும் ஒரே எல்லைக்குள் வாழவைக்க வழி தேடிய ஹென்றி, அதற்கு முதலில் செய்தது எல்லையை அளந்ததுதான். நமக்கு அந்த எல்லை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அளந்து தரப்பட்டுவிட்டது. அதற்கு உட்பட்டு நடப்பது மட்டுமே நம் பொறுப்பு.